திருடன் படி

வேண்டாம் அம்மா, இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் உருண்டு விழும். கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள். கனம் ஒன்றும் இல்லை, ஒரு தேங்காயின் கனந்தான். நீங்கள் சன்னல் ஓரமாகச் சாய்ந்து உட்காருங்கள். மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். மகள் வீட்டில் ஒரு பொழுது தங்கிவிட்டு நாளை மாலையே திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள்.

புது வீடா என்று கேட்கிறீர்கள். அங்கேதான் வேடிக்கை இருக்கிறது. அந்த வீட்டுக்கு நான் வாழ வந்தே நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. என் பிள்ளைகள் இருவரும் தவழ்ந்தது அந்தத் தரையில்தான். என் மாமனார் கண் மூடியது அந்தக் கூடத்தில்தான். அந்த வீட்டுக்குத்தான் வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாயிற்று. சிரிப்பு வருகிறதல்லவா? சிரியுங்கள். அருப்புக்கோட்டையே சிரித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் எதற்காக அடக்கிக்கொள்ள வேண்டும்?

நான் குறை சொல்பவள் அல்லள். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ‘இருளப்பன் அண்ட் சன்ஸ்’ எங்கே என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். கட்டட ஒப்பந்த நிறுவனம். இருளப்பன் என்பவர் என் மாமனார். கொத்தனாராகக் கரண்டி பிடிக்கத் தொடங்கி, அறுபத்தொன்றாம் ஆண்டில் சொந்தமாகப் பெயர்ப்பலகை மாட்டியவர். அவருக்கு ஒரே மகன். அவர்தான் என் வீட்டுக்காரர், குருசாமி. “ஒரே மகனுக்கு எதுக்கு மாமா சன்ஸ்?” என்று நான் வந்த புதிதில் கேட்டேன். “ஒத்த ஆளுன்னு தெரிஞ்சா எவன் தாயி பெரிய வேலையக் குடுப்பான்?” என்றார். இப்போது என் மகன் சொக்கநாதனும் அவன் மனைவி கோகிலாவும் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார்கள். கோகிலா கோயம்புத்தூர்ப் பெண், அவளும் பொறியாளர். ஆக, மூன்று தலைமுறை. எங்கள் ஊரில் மழைக்கு ஒதுங்கும் இடங்களில் பாதி எங்கள் வீட்டு ஆண்கள் கட்டியவை.

எங்கள் வீட்டில் மட்டும் மழை பெய்தால் மாடிப்படி ஏறக் குடை வேண்டும்.

மிகைப்படுத்தவில்லை அம்மா. படிக்கட்டுக்கு மேலே கூரை கிடையாது. படிக்குக் கைப்பிடி கிடையாது. கூடத்துக் கூரைக்குப் பூச்சுக் கிடையாது. மொட்டை மாடியில் தூண்களுக்கு விட்ட கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன; அவற்றில் கொடி கட்டித்தான் நாற்பத்தைந்து ஆண்டுகளாக நான் துணி உலர்த்தினேன். கட்டியவரையிலும் எப்படிக் கட்டினார்கள் என்கிறீர்கள்? ஊரில் வேலை இல்லாத நாள்களில் மட்டும் எங்கள் வீட்டு வேலை நடக்கும். ஊரார் வீட்டில் மிஞ்சிய பொருள் எங்கள் வீட்டுக்கு வரும். மாமனார் காலத்தில் மிஞ்சியது சிவப்புச் சிமெண்டு, அது கூடம். என் வீட்டுக்காரர் காலத்தில் மிஞ்சியது மொசைக், அது படுக்கையறை. மகன் காலத்தில் கண்ணாடி போன்ற டைல்ஸ், அது பூசையறை. எங்கள் நிறுவனத்தின் வரலாற்றை யாரும் எழுத வேண்டியதில்லை. வாசலில் தொடங்கி அடுப்படி வரை நடந்தால் போதும், காலாலேயே படித்துவிடலாம்.

ஒருமுறை வங்கி மேலாளரின் மனைவி கொலுவுக்கு வந்தார். பூசையறைத் தரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது எங்க வீட்டு டைல்ஸ் மாதிரியே இருக்கே?”

“ஆமாங்கம்மா, உங்க வீட்டுல மிஞ்சினதுதான்” என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

“பத்தலைன்னு சொல்லித்தானே கடைசி வரிசைக்கு வேற கலர் போட்டீங்க?”

அவர் உடனே நிமிர்ந்து கூரையின் பூச்சை ஆராயத் தொடங்கினார். பூச்சே இல்லாத கூரை அம்மா அது.

ஏன் முடிக்கவில்லை என்றுதானே கேட்க வருகிறீர்கள்? எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. கட்டுகிறவன் தன் வீட்டை முடிக்கக் கூடாது. “வீடு முடிஞ்சா கை முடிஞ்சது” என்பார் மாமனார். சொந்த வீடு நிறைவுபெற்ற நாளில் மேஸ்திரியின் தொழில் நின்றுவிடுமாம். இதற்குப் பந்தல்குடியில் ஒரு மேஸ்திரியைச் சாட்சியாகச் சொல்வார்கள். வீட்டை முடித்துப் பால் காய்ச்சிய மாதமே சாரத்திலிருந்து விழுந்து, பிறகு கரண்டியைத் தொடவே இல்லையாம். அந்த மேஸ்திரியை நானே பார்த்திருக்கிறேன். எண்பத்தெட்டு வயது வரை இருந்தார். அவர் விழுந்தது சாரத்திலிருந்து இல்லை, மாட்டு வண்டியிலிருந்து, அதுவும் இறங்கும்போது. இதை நான் சொன்னால் என் வீட்டுக்காரர், “வண்டி என்ன, சாரம் என்ன, விழுந்தாருல்ல?” என்பார்.

எனக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது. பூனை குறுக்கே போனால் பூனைக்கு என்ன அவசரமோ என்று நினைப்பவள் நான்.

காரியாபட்டி வந்துவிட்டதா? இன்னும் இல்லையா? சரி.

இப்போது படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாடிக்குப் பதினெட்டுப் படிகள். பதினேழு படிகள் ஒரே உயரம். கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். கடைசிப் படி மட்டும் நாலு விரற்கடை அதிகம். பதினேழு வரை பழகிய கால் பதினெட்டில் தடுக்கிவிடும். திருமணமான மூன்றாம் நாள், தட்டு நிறைய முறுக்கோடு நான் மாடிக்குப் போனேன். முறுக்கு முழுவதும் எனக்கு முன்பாக மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. கூடத்தில் இருந்த மாமனார் எழுந்திருக்கவில்லை. தலையைக் கூட நிமிர்த்தவில்லை. என் வீட்டுக்காரர்தான் ஓடி வந்தார். முறுக்கைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

“அது திருடன் படி.”

“அப்படின்னா?”

“ஐயா வேணும்னே வச்சது. வீட்டாளுக்குக் கால் பழகிரும். திருடன் ஏறுனான்னா தடுக்கி விழுந்துருவான், சத்தம் கேட்டு நாம முழிச்சுக்கிருவோம்.”

“மாடியில திருட என்ன இருக்கு?”

“மூணு மூட்டை சிமெண்டு இருக்குல்ல.”

அந்தக் கதையை அவர் எனக்கு மட்டும் சொல்லவில்லை. மாடிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். “எங்க ஐயா கண்ணு நூலு. தூக்குக்குண்டு இல்லாமலே சுவர் நேரா இருக்கான்னு சொல்லுவாரு. அவரு யோசிக்காம ஒரு படிய உசத்தி வைப்பாரா?” என்பார். ஊரும் நம்பியது. எங்களிடம் வீடு கட்டிய ஒரு வட்டிக்கடைக்காரர், தமக்கும் ஒரு திருடன் படி வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் திருடன் யாரும் விழவில்லை. அவர் மாமியார்தான் விழுந்தார்.

ஆனால் உண்மை வேறு அம்மா. அது எனக்கு மட்டுமே தெரியும் என்று முப்பத்தோர் ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் படுக்கையில் விழுந்த ஆண்டு அது. ஒரு நண்பகலில் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்தவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தாயி, அந்தப் படி தப்புத் தாயி.”

எந்தப் படி என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். நாற்பது வீட்டுக்குப் படிக்கட்டு அமைத்தவர், தம் வீட்டுக்கு அமைக்கும்போது மேல்மாடியின் தரைக்குப் போட வேண்டிய சுண்ணாம்புத் தளத்தின் கனத்தைச் சேர்த்து அளக்க மறந்துவிட்டார். படி முழுவதும் எழும்பிய பிறகு மேலே தளம் போட்டார்கள். தரை நாலு விரற்கடை உயர்ந்துவிட்டது. கடைசிப் படி எட்டவில்லை. புதிதாய்க் கரண்டி பிடிப்பவன் கூடச் செய்யாத பிழை.

“இடிச்சுக் கட்டியிருக்கலாமே மாமா?”

“இடிச்சா ஊருக்குத் தெரியாதா? மேஸ்திரி சொந்தப் படிய இடிக்காருன்னு சொல்ல மாட்டானா? வேலை இன்னும் முடியலன்னு சொல்லிட்டா? முடியாத வேலையில தப்பு ஏது தாயி?”

இதுதான் அம்மா எங்கள் குடும்பச் சட்டம் பிறந்த கதை. அந்த ஒரு படியை முடியாத வேலையாக வைத்திருப்பதற்காகக் கைப்பிடியை முடிக்கவில்லை. கைப்பிடிக்குத் துணையாகக் கூரையை முடிக்கவில்லை. கூரைக்குத் துணையாகப் பூச்சை முடிக்கவில்லை. பந்தல்குடி மேஸ்திரி பிறகு வந்து சேர்ந்தார். “குருசாமிக்குத் தெரிய வேணாம். என் கண்ணு நூலுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறான்” என்றார் மாமனார். சத்தியம் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் திருடன் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். பாவம், வெள்ளை மனம். கெடுப்பானேன் என்று இரக்கப்படுவேன். எனக்கு இரகசியம் காக்கத் தெரியும் அம்மா. உங்களிடம் சொல்வது வேறு. நீங்கள் மதுரையில் இறங்கிவிடுவீர்கள்.

இந்த ஆனி மாதம் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் எங்களிடம் வீடு கட்டுவதற்காக வந்தது. கோகிலா வரைபடம் எல்லாம் போட்டு, பத்து நாள் உழைத்து, அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்து விளக்கினாள். அந்த அம்மாள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. எங்கள் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கைப்பிடி இல்லாத படியைப் பார்த்தார்.

“உங்க வீட்டையே அம்பது வருசமா முடிக்கலை. எங்க வீட்டை எப்ப முடிப்பீங்க?”

காப்பியைக் கூட முழுவதும் குடிக்காமல் போய்விட்டார்கள். கோகிலா வரைபடத்தைச் சுருட்டி வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து, “அத்தை, நாளைக்கு ஆள் வருதுங்க. நம்ம வீட்டை முடிக்கறமுங்க” என்றாள்.

எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? நாற்பத்தைந்து ஆண்டுகளாக நான் கேட்டுக் கேட்டுச் சலித்ததை, வந்து ஆறு ஆண்டுகளில் ஒரு பெண் சாதித்துவிட்டாளே. சொக்கநாதன் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் சாத்தூரில் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். என் வீட்டுக்காரர் முதல் மூன்று நாளும் சாப்பிடும்போது பந்தல்குடி மேஸ்திரியைப் பற்றியே பேசினார். கோகிலா ஒவ்வொரு முறையும் “அப்படீங்களா மாமா?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, மொட்டை மாடிக் கம்பியை அறுக்க ஆள் அனுப்பினாள். என் கொடியும் போயிற்று. பரவாயில்லை என்றேன். கூரைக்குப் பூச்சு வந்தது. படிக்கு மேலே மழை மறைப்பு வந்தது. கடைசியாக அவள் படிக்கு வந்தாள்.

அன்று காலை அவர் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை. எழுபத்திரண்டு வயதிலும் காலை ஏழு மணிக்கு முன்னால் ஏதாவது ஒரு கட்டடத்தின் சாரத்தில் நின்றாக வேண்டும் அவருக்கு. மாமனாரின் பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்று உண்டு. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். சட்டைப் பைகள் எல்லாம் கிழிந்ததற்கு அதுதான் காரணம். எத்தனை பைகள் தைத்திருக்கிறேன் என்று என்னைக் கேளுங்கள்.

கோகிலா அளவு நாடாவோடு கீழிருந்து ஒவ்வொரு படியாக அளந்துகொண்டே போனாள். பதினேழில் நின்றாள். பதினெட்டை அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

“மாமா, கடைசிப் படி மூணு இஞ்ச் சாஸ்தியா இருக்குதுங்க. தளத்தோட கனத்தைச் சேக்காம உட்டுட்டாங்களாட்ட இருக்குது.”

முப்பத்தோர் ஆண்டு நான் கட்டிக் காத்ததை ஒரு நாடா அளந்துவிட்டதே. அவர் இப்போது திருடன் கதையைத் தொடங்குவார், இவள் சிரிப்பாள், அவர் முகம் சுண்டிப்போகும் என்று நினைத்து, “அது வந்து கோகிலா, அந்தக் காலத்துல…” என்று நான் முந்திக்கொண்டேன்.

“தெரியும்மா” என்றார் அவர்.

என்னிடம் இல்லை, அவளிடம்.

“தளம் போட்ட அன்னைக்கே தெரியும். எனக்குப் பத்தொம்பது வயசு. நானுந்தான கூட நின்னேன். ஐயா ஒரு தடவ ஏறி இறங்கினாரு. தொட்டியில போய்க் கையக் கழுவிட்டு, சாப்பிடாம வெளிய போயிட்டாரு. யாராச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். சாயங்காலத்துக்குள்ள திருடன் கதையக் கட்டிட்டேன்.”

கட்டியவர் அவரே அம்மா. அந்தக் கதையைக் கட்டியவர் என் வீட்டுக்காரர். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று மகனும், மகனுக்குத் தெரியக் கூடாது என்று அப்பாவும், கொடுத்த சத்தியத்துக்காக நானுமாக ஒரு படியைச் சுற்றி மூன்று பேர் சாரம் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். வெள்ளை மனம் என்று யாரைச் சொன்னேன் பாருங்கள்.

“அப்பறம் ஏனுங்க மாமா, தாத்தா போனதுக்கப்பறமாவது முடிச்சிருக்கலாமில்லீங்க?”

“பழகிப்போச்சும்மா. காலையில எந்திரிச்சா, நம்ம வீட்டு வேலையே பாக்கி கெடக்கு, எப்படி உக்கார்றதுன்னு ஒரு நெனப்பு. அதுல ஓடிப்போச்சு.” பிறகு படியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீ முடிச்சிரு. நல்லாச் செய்யுற. வீட்டை முடிச்சிட்டு நானும் உக்காந்துர்றேன்.”

அவ்வளவுதான். வாதம் இல்லை, சத்தம் இல்லை. பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். பூசையறை அலமாரியில் மாமனார் படத்துக்குக் கீழே வைத்தார். கோகிலா கெட்டிக்காரி, படியை இடிக்கவே இல்லை. கீழ்ப்படியில் மெல்லியதாகத் தொடங்கி, மேலே போகப் போகக் கனத்தைக் கூட்டிப் பதினேழு படிகளின் மேலும் பூசி, பதினெட்டையும் ஒரே உயரமாக்கிவிட்டாள். இப்போது யாரும் தடுக்குவதில்லை. நான் மட்டும் அந்த இடத்தில் இன்னும் காலை உயர்த்தி வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் இல்லாத உயரத்தில் கால் வைத்து விழப்பார்க்கிறேன்.

டிக்கெட்டா? எடுத்தாயிற்று தம்பி, இதோ. என்னது? ஆமாம், ஆமாம், தேங்காய்தான். இந்த நடத்துநருக்கு என் பையின் மேல் என்ன அக்கறை பாருங்கள்.

எங்கே விட்டேன்? ஆம், உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உட்காரத்தான் போகிறோமே, இப்போதே பழகிக்கொள்கிறேன் என்று ஒத்திகை தொடங்கிவிட்டார். இரண்டு வாரமாகக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆண்கள் பகலில் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? அடுப்படி வாசலில் வந்து நிற்கிறார். “தனம், இந்த அலமாரி ஒரு நூல் சாஞ்சிருக்கு” என்கிறார். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அது சாய்ந்துதான் இருக்கிறது. அவர் வைத்த அலமாரி. கத்தரிக்காயை நான் நறுக்குவதைப் பார்த்து, “ஒரே அளவா வரலையே” என்கிறார். இந்தத் தொல்லைக்காகத்தான் சொல்கிறேன் அம்மா, வேறு எதற்காகவும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தெருவில் தளம் போட்டார்கள். கலவை இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அவர் தலையைத் தூக்கினார். எழுந்திருப்பார் என்று நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எழவில்லை. அந்தச் சத்தம் நிற்கும் வரை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். கையில் கொடுத்த தேநீர் ஆறி ஏடு படிந்துவிட்டது. பால் விற்கிற விலையில் அதைக் கொட்ட வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலில் அன்று முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் குறை சொல்பவள் அல்லள். ஆனால் வீடு முடிய வேண்டும் என்று கேட்டவள் நான். அவர் முடிய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே?

சரி, அது போகட்டும். வீடு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? கண்ணாடி மாதிரி இருக்கிறது. திங்கட்கிழமை தேக்கில் கைப்பிடி போட்டார்கள். கீழே முதல் படியின் ஓரத்தில் தடியாக ஒரு கால். அதன் உச்சியில் கடைசல் பிடித்த ஒரு குமிழ் வர வேண்டும். அதை மட்டும் மாட்டவில்லை. “கடைசி வேலை, மாமா கையாலதான் மாட்டோணும். வெள்ளிக்கிழமை பால் பொங்கறதுக்கு முன்னால மாட்டட்டுமுங்க” என்றாள் கோகிலா. மரியாதை தெரிந்த பெண். குமிழைப் பூசையறையில் தூக்குக்குண்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதை மாட்டிவிட்டால் முடிந்தது. ஓர் ஆணி, ஒரு துளி பசை, முடிந்தது. நேற்று விளக்கேற்றும்போது பார்த்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்று வந்ததும் மற்றொன்று போக வேண்டும் என்பது போல.

எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று முன்பே சொன்னேனா? சொன்னேன்.

கொஞ்சம் இருங்கள், கைப்பேசி அடிக்கிறது. கோகிலாதான்.

சொல்லும்மா… ஆமா, பஸ்லதான் இருக்கேன், காரியாபட்டி தாண்டியாச்சு… குமிழா? எந்தக் குமிழு?… பூசையறையில இல்லையா? நல்லாத் தேடிப் பாரு, பூக்கூடைக்கு அடியில இருக்கும்… நான் எங்க பாத்தேன், நான் காலையில விளக்க மட்டும் ஏத்திட்டுக் கெளம்பிட்டேன்… பூனை எப்படிம்மா தூக்கும், அது ஒரு தேங்கா கனம் இருக்கும்ல?… கனம் எனக்கு எப்படித் தெரியுமா? பாத்தாத் தெரியாதா? ஒரு பேச்சுக்குச் சொல்றேன்… கடைசல்காரரு வேற செய்யப் பத்து நாளாகுமா? ஆகட்டும், அவசரம் என்ன. பாலைக் காய்ச்சிருவோம். குமிழு பெறகு வரட்டும்… யாரு, மாமாவா? குடு…

சொல்லுங்க… ம்… ம்… எங்க கெளம்பிட்டீங்க?… தொப்பி எடுத்துக்கிட்டீங்களா? வெயில் மண்டையப் பெளக்குது… சிரிக்காதீங்க. பஸ்ஸுல ஆள் இருக்காங்க. வைக்கிறேன்.

கேட்டீர்களா கூத்தை? வேலை நடக்கும் இடத்துக்குப் போகிறாராம். இரண்டு வாரமாக உட்கார்ந்திருந்த மனிதர். எதற்கு என்று கேட்டால், “வீடுதான் இன்னும் முடியலையே தனம், எப்படி உக்கார்றது?” என்கிறார். தூக்குக்குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம். போன வாரம் தைத்த பை. அது மட்டுமா? “படிய நேராக்கின மறு வாரமே திருடன் வந்துட்டான் பாத்தியா? எங்க ஐயா சும்மாவா வச்சாரு?” என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் இப்படிச் சிரித்துப் பல நாள் ஆயிற்று.

எழுபத்திரண்டு வயது அம்மா. இந்த வெயிலில் சாரத்தில் ஏறுவார். சொன்னால் கேட்பாரா? எனக்கு வாய்த்தது அப்படி. நான் குறை சொல்பவள் அல்லள்.

மாட்டுத்தாவணி வந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு முட்டி கொஞ்சம் மடங்காது. நான் முதலில் இறங்கிக்கொள்கிறேன், இந்தப் பையை ஒரு கை பிடித்துக் கொடுங்கள். அடியில் கையைக் கொடுத்துப் பிடியுங்கள் அம்மா, மெல்ல. தேங்காயாக இருந்தால் விழுந்தாலும் உடைத்துச் சட்னி அரைத்துக்கொள்ளலாம். இது கடைசல் வேலை.